விமானி ஆக விரும்பும் பிள்ளைகளே, முதலில் கண்ணைப் பாருங்கள்

விமானப்படை விமானி ஆக வேண்டும் என்ற ஆசையோடு பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்,



நான் கோவையில் கண் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். சூலூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போர் விமானத்தின் சத்தம் பழகிப்போன ஒன்று. தேஜஸ் விமானங்களோடு 45-ஆம் ஸ்குவாட்ரன் 2018-இல் சூலூருக்கு வந்தது. 2020-இல் 18-ஆம் ஸ்குவாட்ரனும் அங்கேயே தேஜஸுடன் தொடங்கியது. அதே ஆண்டு தஞ்சாவூருக்கு சுகோய்-30 வந்தது. வகுப்பு நடக்கும்போதே சன்னல் பக்கம் தலையைத் திருப்பி, அந்தச் சத்தம் போன திசையைத் தேடிய பிள்ளைகளில் சிலர் பிறகு என் பரிசோதனை அறைக்கு வருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் காலம் கடந்து வருகிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

விமானப்படைக்கு ஆள் எடுக்கும் முறையில் மருத்துவப் பரிசோதனை கடைசியில் வருகிறது. பிளஸ் டூ முடிக்கும் தறுவாயில் தேசியப் பாதுகாப்புக் கழகமான என்.டி.ஏ.வின் எழுத்துத் தேர்வு, அல்லது பட்டப்படிப்போடு விமானப்படைப் பொதுச் சேர்க்கைத் தேர்வான அஃப்கேட். அதில் தேறினால் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. (படைத் தேர்வு வாரிய) நேர்காணல். அங்கேயே விமானியாகும் திறனைக் கணினி வழியாகச் சோதிப்பார்கள். இத்தனையும் தாண்டியவர்களைத்தான் மருத்துவக் குழுவின் முன் நிறுத்துவார்கள். படையின் பார்வையில் இந்த வரிசை சரிதான். விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரின் கண்ணையும் முதலிலேயே சோதித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் உங்கள் வரிசையும் இதுவாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவர்கள் கடைசியில் பார்ப்பதை நீங்கள் முதலில் பார்த்துவிடுங்கள். இந்த மடலில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். எழுத்துத் தேர்வு, நேர்காணல் இரண்டிலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் கண்ணால் நின்றுபோனவன். அப்பா அம்மாவோடு வந்திருந்தான். ஆறு மீட்டர் தள்ளி இருந்த எழுத்துப் பலகையில் 6/12 வரியைத் தடங்கல் இல்லாமல் படித்தான். 6/9 வரியில் தடுமாறினான். கடைசி வரியில் ஓ, சி, டி மூன்றும் அவனுக்கு ஒரே எழுத்தாகத் தெரிந்தன. சோதனைச் சட்டத்தை மாட்டி, மைனஸ் 0.75 வில்லையைச் செருகினேன். கடைசி வரி முழுவதையும் கடகடவென்று படித்து முடித்தான். சட்டத்தைக் கழற்றாமலே கேட்டான்: "அக்கா, முக்கால் பவர்தானா? இதுக்காகவா?" அவன் அம்மா, "இவனுக்கு எப்பவும் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சுங்க, கண்ணாடியே போட்டதில்ல" என்றார். கண்ணாடி போட்டதில்லை என்பது உண்மை. ஆனால் அவன் கண்ணை யாரும் முறையாகச் சோதித்ததும் இல்லை. மைனஸ் 0.75 பவரோடு கரும்பலகை தெரியும், கிரிக்கெட் பந்து தெரியும், பஸ்ஸின் பெயர்ப்பலகைகூடக் கொஞ்சம் பக்கத்தில் வந்ததும் தெரிந்துவிடும். அதனால்தான் அது யார் கண்ணிலும் படாமல் வளர்கிறது.

இனி விதியைப் பார்ப்போம். விமானப்படையின் பறக்கும் பிரிவில் விமானியாகச் சேர, ஒரு கண்ணில் 6/6 பார்வையும் மற்றதில் குறைந்தது 6/9 பார்வையும் கண்ணாடி இல்லாமலே இருக்க வேண்டும். அந்த 6/9 கண்ணும் கண்ணாடி போட்டால் 6/6 ஆக வேண்டும். அதுவும் தூரப்பார்வை, அதாவது பிளஸ் பவர், காரணமாக இருந்தால் மட்டுமே ஏற்பார்கள். வெளிப்படையான கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர், அறவே கூடாது. சிலிண்டர் பவர், அதாவது சிதறல் பார்வை, 0.75-ஐத் தாண்டக் கூடாது. நிறப் பார்வை மிக உயர்ந்த தரமான சி.பி.-1 ஆக இருக்க வேண்டும். இரண்டு கண்களும் ஒன்று சேர்ந்து இயங்குகின்றனவா என்பதையும் சோதிப்பார்கள். அறிவிக்கைக்கு அறிவிக்கை சில எண்கள் மாறுவதுண்டு. ஆகவே நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை வரிவரியாகப் படியுங்கள்.

6/6 என்றால் என்ன? 1862-இல் நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஹெர்மான் ஸ்னெல்லன் வகுத்த கணக்கு அது. ஆறு மீட்டர் தூரத்திலிருந்து படிக்க வேண்டிய 6/6 வரியின் எழுத்து ஒவ்வொன்றும் சுமார் 9 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். 6/9 என்றால், நல்ல பார்வை உள்ளவர் ஒன்பது மீட்டரிலிருந்தே படித்துவிடுவதைப் படிக்க நீங்கள் ஆறு மீட்டருக்கு நெருங்கி வர வேண்டும் என்று பொருள்.

பிளஸ் பவரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்பவர்கள் மைனஸை ஏன் ஏற்பதில்லை என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். இளம் வயதில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை தன் வளைவைக் கூட்டிக்கொள்ளும். சிறிதளவு பிளஸ் பவரை அந்த முயற்சியாலேயே கண் ஈடுகட்டிவிடும். மைனஸை ஈடுகட்டக் கண்ணுக்கு வழியே கிடையாது. வில்லை வளைய வளையத் தூரம் இன்னும் மங்கும். போதாக்குறைக்கு, பதின்வயதில் தொடங்கிய மைனஸ் பவர் பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும்.

வானத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மேகமோ மலையோ இல்லாத வெறும் நீலத்தில் பார்வைக்குப் பிடிமானம் கிடையாது. அப்போது கண்ணின் குவியம் தானாகவே பக்கத்தில், ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தில், வந்து நின்றுவிடும். நல்ல கண் உள்ளவருக்கும் நேரும் தற்காலிகக் கிட்டப்பார்வை இது. ஏற்கெனவே மைனஸ் உள்ள கண்ணில் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விமானங்கள் எதிரெதிராக வந்தால், ஒவ்வொரு நொடியும் அவற்றுக்கு இடையே 500 மீட்டர் குறைகிறது. பத்து கிலோமீட்டரில் எதிரி விமானத்தைக் கண்டவருக்கு 20 நொடி கிடைக்கும். ஐந்து கிலோமீட்டரில் கண்டவருக்குப் பத்தே நொடி. ரேடார் இருக்கிறது, ஏவுகணை இருக்கிறது. ஆனாலும் கண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டிய நொடிகள் போர் விமானியின் வேலையில் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

கண்ணாடி போட்டுக்கொண்டு பறக்கலாமே என்பது அடுத்த கேள்வி. போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது உடலின் எடை ஒன்பது மடங்குவரை கூடும். 30 கிராம் கண்ணாடி அப்போது 270 கிராமாக மூக்கை அழுத்தும். தலைக்கவசத்துக்கும் ஆக்சிஜன் முகமூடிக்கும் நடுவில் அது நழுவினால், சரிசெய்யக் கை எங்கே இருக்கிறது? விழித்திரை அந்த நிலையில் ஏற்கெனவே பெரும் சோதனையில் இருக்கிறது. கண்ணுக்குள் இயல்பாகவே ஓர் அழுத்தம் உண்டு. அதையும் மீறித்தான் ரத்தம் விழித்திரைக்குப் போக வேண்டும். அதனால் உடல் பாரம் கூடும்போது மூளைக்கு ரத்தம் குறைவதற்கு முன்பே விழித்திரைக்குக் குறைந்துவிடும். முதலில் ஓரப் பார்வை சாம்பலாகும், பிறகு நடுப்பார்வையும் போகும். விமானி நினைவோடு இருக்கும்போதே இருட்டிவிடும். அப்படிப்பட்ட வேலைக்குக் குறையில்லாத கண்ணோடு வாருங்கள் என்று கேட்பதில் அநியாயம் எதுவும் இல்லை. விதி உங்கள் மீது வஞ்சம் வைத்து எழுதப்பட்டதல்ல. விமானியின் உயிரையும், அவரோடு பறப்பவர்களின் உயிரையும், கீழே இருக்கும் ஊரையும் நினைத்து எழுதப்பட்டது.

நிறப் பார்வையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவில் இறங்குகிறோம். நான்கும் சிவப்பானால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டோம். சிவப்பை வெள்ளையிலிருந்து பிரித்தறியத் திணறும் கண்ணுக்கு இந்தச் செய்தி போய்ச் சேராது. சிவப்பு–பச்சை நிறக்குறை பிறவியிலேயே வருவது. தாய் வழியாக மகனுக்கு வரும். ஆண்களில் நூற்றில் சிலருக்கு இருக்கும். பெண்களுக்கு மிக அரிது. சிகிச்சையும் கிடையாது, பயிற்சியால் மாறுவதும் கிடையாது. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தை 1917-இல் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் தேவைக்காக உருவாக்கினார். இன்று எந்தக் கண் மருத்துவமனையிலும் அந்தப் புத்தகம் இருக்கும். சோதனைக்குச் சில நிமிடம் போதும். பத்து வயதிலேயே தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றை இருபது வயதில், ஊர் முழுக்க வாழ்த்துச் சொன்ன பிறகு தெரிந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது என் மனம் ஆறுவதில்லை.

இனி, வயதுவாரியாக என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகளைப் பெற்றவர்களே, மைனஸ் பவர் வராமல் தடுக்க இன்று நமக்குத் தெரிந்த நல்ல வழி வெளிச்சம்தான். வெளியே, மர நிழலில் நின்றாலும் கண்ணுக்குக் கிடைக்கும் வெளிச்சம் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். வகுப்பறைக்குள் அது சில நூறுதான். நல்ல வெளிச்சத்தில் விழித்திரை சுரக்கும் டோபமைன், கண் அளவுக்கு மீறி நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்து, மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்தது. வெளியே விளையாட விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015-இல் வெளியான முடிவு இது. தைவான் 2010-இலிருந்து தினம் 120 நிமிடம் வெளியே இருக்கும்படி பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. நம் ஊரில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். ஆசிரியர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், அந்த நேரத்தைத் தொடாதீர்கள். மைதானத்தில் ஓடும் பிள்ளை தன் கண்ணையும் காப்பாற்றிக்கொள்கிறது.

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, இதுதான் நீங்கள் என் போன்றவர்களிடம் வர வேண்டிய வயது. பள்ளியில் நடக்கும் கண் முகாமோடு நிறுத்திவிடாதீர்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையைக் கண்டுபிடிப்பது அந்த முகாமின் வேலை. அதை அது நன்றாகவே செய்கிறது. உங்களுக்குத் தேவை சொட்டு மருந்து விட்டுச் செய்யும் முழுச் சோதனை. மருந்து விட்டதும் உள்வில்லையின் இயக்கம் சில மணி நேரம் தளர்ந்துவிடும். அப்போது மறைந்திருக்கும் உண்மையான பவர் வெளியே வரும். "விமானப்படைக்குப் போக ஆசை, அந்த அளவுகோலில் பாருங்கள்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பவர், நிறப் பார்வை, மாறுகண், விழித்திரை நான்கையும் பார்க்கச் சொல்லி, அறிக்கையை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. லேசாக மைனஸ் தொடங்கியிருந்தால், அது ஏறும் வேகத்தைக் குறைக்கக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து போன்ற வழிகள் இருக்கின்றன. அதைக் கண் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

என்.டி.ஏ.வுக்குத் தயாராகும் பிள்ளைகள் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். அங்கே சேரும் வயது பதினாறரை முதல் பத்தொன்பதரைக்குள். பவரைச் சரிசெய்யும் லேசர் அறுவை சிகிச்சையை இருபது வயதுக்கு முன் செய்திருந்தால் விமானப்படை ஏற்காது. ஆகவே மைனஸ் பவரோடு என்.டி.ஏ. வழியாக விமானி ஆவதற்கு வழி இல்லை. இதைக் கசப்பாக இருந்தாலும் இன்றே தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் கதவு இன்னொரு பக்கம் திறந்திருக்கிறது.

அஃப்கேட் வழியாகப் பறக்கும் பிரிவில் சேரும் வயது 20 முதல் 24 வரை. அங்கே பி.ஆர்.கே., லேசிக் என்னும் லேசர் சிகிச்சைகளைச் செய்தவர்களையும் சில நிபந்தனைகளோடு ஏற்கிறார்கள். அறுவை சிகிச்சை இருபது வயதுக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். அதன்பின் குறைந்தது 12 மாதம் சிக்கல் எதுவும் இல்லாமல் கழிந்திருக்க வேண்டும். சிகிச்சைக்கு முந்தைய பவர் 6-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. சிகிச்சைக்குப் பின் கருவிழிப் படலத்தின் கனம் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. கண்ணின் நீளம் 25.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபது முடிந்ததும் சிகிச்சை, ஓராண்டு காத்திருப்பு, இருபத்தொன்றில் தகுதி. கையில் இருப்பது இரண்டு மூன்று ஆண்டுகள்தான். தெரிந்து திட்டமிட்டவருக்கு அது போதும். இருபத்து மூன்றில் முதல்முறையாகக் கேள்விப்படுபவருக்குப் போதாது.

கண்ணின் நீளத்தைப் பற்றிய நிபந்தனையைப் பலர் கவனிப்பதே இல்லை. வளர்ந்தவரின் கண் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மைனஸ் பவர் ஏறும். லேசர் கண்ணின் முன்பக்க வளைவை மட்டும்தான் செதுக்குகிறது. நீண்டுபோன கண்ணைச் சுருக்குவதில்லை. இழுபட்டு மெலிந்த விழித்திரை உள்ளே அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படித்தாலும் நீளத்தை அளக்கிறார்கள். லேசருக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் கனத்தையும் அளந்து வாங்குங்கள். அந்த இரண்டு எண்களும் ஒத்துவராவிட்டால், விமானி ஆவதற்காக மட்டும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளாதீர்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போடாமல் இருந்தால் பவர் ஏறாது என்பது தவறு. ஏறும் பவர் ஏறத்தான் செய்யும், இடையில் படிப்புதான் கெடும். கண் பயிற்சியால் மைனஸ் போய்விடும் என்று விற்கப்படும் வகுப்புகளை நம்பாதீர்கள். கேரட் சாப்பிட்டால் விமானியின் கண் வரும் என்ற நம்பிக்கை இரண்டாம் உலகப் போரில் பரவியது. இருட்டில் எதிரி விமானங்களை வீழ்த்திய ஜான் கன்னிங்ஹாமின் கூர்மையான பார்வைக்குக் கேரட்டே காரணம் என்று பிரிட்டனில் பேச்சைப் பரப்பினார்கள். உண்மையில் அவர் விமானத்தில் ரேடார் இருந்தது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். அதற்காகக் கேரட்டும் முருங்கைக்கீரையும் சாப்பிட வேண்டியதுதான். பவரை அவை குறைக்காது. இரவில் லென்ஸ் மாட்டித் தூங்கிக் கருவிழியைத் தற்காலிகமாகத் தட்டையாக்கி, மறுநாள் பலகையைப் படித்துவிடலாம் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கருவிழியின் மேடு பள்ளத்தைப் படமெடுக்கும் கருவி அதைக் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்காவிட்டாலும் அப்படிச் சேராதீர்கள். ஏமாற்றிப் பெற்ற பார்வையை நம்பி ஒருவர் உங்கள் பின்னால் பறக்கக் கூடாது.

பயிற்சி மையம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தோடு கண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். கட்டணம் வாங்குவதற்கு முன் கேளுங்கள். வெளியூரில் அறை எடுத்து, நகையை அடகு வைத்துப் படிக்க அனுப்பும் குடும்பங்களுக்கு அந்த உண்மை முதல் நாளே தெரிய வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2016-இல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகப் படையில் சேர்ந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2021-இல் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து 2022-இல் என்.டி.ஏ.விலும் பெண்கள் காலடி வைத்தார்கள். பார்வை அளவுகோல் உங்களுக்கும் இதேதான். ஆனால் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இப்பவே கண்ணாடி" என்று பரிசோதனையையே தள்ளிப்போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது வாருங்கள்.

சோதித்துப் பார்த்து, விமானி ஆக முடியாது என்று தெரிந்தால்? அந்த வலியைச் சமாதான வார்த்தை சொல்லித் தீர்க்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பதினான்கு வயதில் தெரிந்தால் உங்கள் கையில் காலம் இருக்கும். விமானப்படையின் பொறியியல், வானிலை, நிர்வாகப் பிரிவுகளில் பார்வைக்கான விதி தளர்வானது. பயணிகள் விமானத்தின் விமானிக்குக் கண்ணாடி தடையே இல்லை. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9 பார்வையும், இரண்டும் சேர்ந்து 6/6-உம் கிடைத்தால் போதும். வானத்தோடு வாழ்க்கை நடத்த இவை எல்லாம் உண்மையான வழிகள். எந்த வழியில் போவது என்பதைக் காலம் இருக்கும்போதே நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மருத்துவக் குழுவின் ஒரு வரிக் குறிப்பு உங்களுக்காக முடிவு செய்யக் கூடாது.

எனவே அடுத்த தேர்வு, அடுத்த விடுமுறை என்று தள்ளிப்போடாமல், இந்த மாதத்துக்குள் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ கண் மருத்துவமனைக்கோ போய் முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள். கண் சரியாக இருந்தால், இனி ஒரு சந்தேகமும் இல்லாமல் கணக்கையும் இயற்பியலையும் படிக்கலாம், மைதானத்தில் ஓடலாம், தைரியமாக விண்ணப்பிக்கலாம். உங்களில் ஒருவர் சூலூரிலிருந்து புறப்படும் நாள் வர வேண்டும் என்று உங்களைவிட அதிகமாக நான் ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
ஒரு கண் பரிசோதகர்,
கோயம்புத்தூர்.